அத்தியாயம் 6: மிளகுப் படமும் ஆய்வறிக்கையும் ஒரே மடலில் போகும்போது

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகு ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். காலையில் அங்கிருந்து கிளம்பும் ஒரு மடலில் என்னென்ன இருக்கும்? விலையும் அளவும் சொல்லும் நாலைந்து வரி. எம்ஜி-1 தரச் சரக்கின் படம் இரண்டு. கல்லும் காம்பும் நீக்குவதைக் காட்டும் அரை நிமிட வீடியோ. ஈரப்பதம், லிட்டர் எடை, பூஞ்சை நச்சு ஆகியவற்றுக்கு ஆய்வகம் கொடுத்த அறிக்கை. மூட்டைக் கணக்கு போட்ட எக்செல் தாள். சில நாள் முதலாளி போனில் பேசிப் பதிந்த குரல் துணுக்கும் சேர்ந்துகொள்ளும். இத்தனையும் ஹாம்பர்க்கில் வாங்குபவருக்கும், துபாயில் தரகருக்கும், போடிநாயக்கனூரில் ஏலக்காய் பார்க்கும் கூட்டாளிக்கும் ஒரே நேரத்தில் போகிறது. மூவரிடமும் இருப்பது வேறு வேறு கணினி, வேறு வேறு மென்பொருள்.

மதியத்துக்குள் விலை மாறிவிடும் தொழில் இது. யூதத் தெருவில் 1957-இல் தொடங்கிய மிளகு வணிகச் சங்கத்தில் கூவிக் கூவி எதிர்கால ஒப்பந்தம் பேசிய காலத்திலும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். "திறக்கவில்லை, மறுபடி அனுப்புங்கள்" என்று ஒரு பதில் வந்தால் அதற்கே ஒரு விலை உண்டு.

மடலுக்குள் எதை எந்த வடிவில் வைப்பது என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம். இணைப்புக் குறியை அழுத்திக் கோப்பைச் சேர்க்கிறோம், இதில் தேர்வு எங்கே வந்தது என்று தோன்றலாம். ஆனால் 'சேமி' என்று அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு தரத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். பெரும்பாலும் நமக்காக மென்பொருள் தேர்ந்தெடுத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

தரம் ஒன்றை எடைபோடப் பலரும் கேட்கும் கேள்வி, "இதில் என்னவெல்லாம் செய்யலாம்?" என்பது. நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு: இதை அறியாத ஒரு மென்பொருளின் கையில் இது சிக்கினால் அங்கே என்ன நடக்கும்? விரிவாக்கத்துக்கு இடம் தரும் தரம் என்று எல்லோரும் தங்கள் சரக்கைச் சொல்லிக்கொள்வார்கள். புதிதாக ஒன்றைச் சேர்த்த பிறகும் பழைய ஆளுக்குப் பாதியாவது புரிகிறதா என்பதில்தான் அந்தப் பேச்சு உண்மையா என்று தெரியும்.

பழைய சண்டை, இன்றைய பாடம்

1982-இல் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 821 என்ற இணையத் தர ஆவணமும், டேவிட் குரோக்கர் எழுதிய ஆர்எஃப்சி 822-உம் இணைய மடலின் அடித்தளம். அதில் ஏழு பிட் ஆங்கில எழுத்துகள் மட்டும் போகும். தமிழ், மலையாளம் இருக்கட்டும், ஜெர்மன்காரரின் புள்ளி வைத்த உயிரெழுத்துக்கே அங்கே வழி இல்லை.

படமும் குரலும் மடலில் போக வேண்டும் என்ற ஆசை அப்போதே இருந்தது; செய்தும் காட்டினார்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ அமைப்பில் 1980-களிலேயே படம் வைத்த மடல் போயிற்று. ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் கணினியில் குரல் பதிந்து அனுப்பலாம். ஆனால் அனுப்புபவரிடமும் பெறுபவரிடமும் அதே அமைப்பு இருந்தால்தான் அது அழகு. நெக்ஸ்ட் இல்லாதவருக்கு அந்த மடல் பொருளற்ற எழுத்துக் குவியலாகப் போய் விழும்.

இன்னொரு பக்கம் சர்வதேசக் குழுக்கள் உட்கார்ந்து முழுமையான தீர்வு ஒன்றை வரைந்தன. மடலைக் கொண்டுசெல்ல எக்ஸ்.400, மடலுக்குள் வைக்க ஓடிஏ என்ற ஆவணக் கட்டமைப்பு. ஓடிஏ 1989-இல் ஐஎஸ்ஓ 8613 ஆனது. தலைப்பு, பத்தி, அடிக்குறிப்பு என்ற தர்க்க அமைப்பு தனி, பக்கத்தில் எது எங்கே விழ வேண்டும் என்ற அமைப்பு தனி. எழுத்து, புள்ளிப்படம், கோட்டுப்படம் என மூன்று வகை உள்ளடக்கம். காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல முடியாத வேலை. அமெரிக்காவின் தேசிய அறிவியல் நிதியம் ஆராய்ச்சி விண்ணப்பங்களை மின்வழியில் பெற நினைத்தபோது, எக்ஸ்ப்ரஸ் என்ற திட்டத்தில் ஓடிஏ-வைத்தான் எடுத்துக்கொண்டது. ஆனால் நாலாவதாக ஓர் உள்ளடக்கம், குரல் என்று வைத்துக்கொள்ளுங்கள், சேர வேண்டுமென்றால் குழு மறுபடி கூட வேண்டும். அதோடு, ஆவணத்தைத் திறக்க வேண்டுமானால் முழு அமைப்பையும் புரிந்த மென்பொருள் வேண்டும். பாதி புரிந்தவருக்குப் பாதி ஆவணம் என்ற ஏற்பாடு அதில் இல்லை.

இதற்கு நடுவில், 1992 ஜூனில் ஆர்எஃப்சி 1341 என்ற எண்ணோடு மைம் வந்தது. எழுதியவர்கள் பெல்கோரில் இருந்த நத்தானியேல் போரன்ஸ்டீனும், இன்னோசாஃப்டில் இருந்த நெட் ஃப்ரீடும். போரன்ஸ்டீன் அதே ஆண்ட்ரூ திட்டத்தில் வேலை பார்த்து வந்தவர். மூடிய அமைப்பின் வலி தெரிந்தவர். 1992 மார்ச் 11-ஆம் தேதி, தானும் நண்பர்களும் பாடும் நால்வர் குழுவின் படத்தையும் பாட்டையும் ஒரே மடலில் வைத்து அனுப்பிப் பார்த்தார். உலகத்தின் முதல் மைம் இணைப்பு என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

மைம் எந்த ஆவணத் தரத்தோடும் போட்டிக்குப் போகவில்லை. உள்ளே எதை வைத்தாலும் அதன் வகையை ஒரு வரியில் சொல், ஏழு பிட்டில் போகும்படி மாற்று, பல துண்டு இருந்தால் நடுவே ஓர் எல்லைக்கோடு போடு; அவ்வளவுதான் கேட்டது. வல்லார்பாடத்தில் 2011-இல் திறந்த கொள்கலன் முனையத்துக் கிரேனுக்கு, பெட்டியின் நான்கு மூலையிலும் உள்ள கொக்கித்துளை தெரிந்தால் போதும். உள்ளே மிளகா, கயிறா, இறாலா என்பது அதன் கவலை இல்லை. வழியில் உள்ள அஞ்சல் சேவையகங்களுக்கு மைம் வைத்த ஏற்பாடும் அப்படிப்பட்டதுதான். எந்தச் சேவையகத்தையும் மாற்றச் சொல்லாமல், இரு முனையிலும் மட்டும் புதியது வந்தால் போதும் என்று விட்டதால் சில வருடங்களிலேயே பரவிவிட்டது.

அறியாதவனுக்கு ஒரு விதி

மைம் எழுதியவர்களின் கெட்டிக்காரத்தனம் முழுவதும் நான் மேலே சொன்ன கேள்விக்கான பதிலில் இருக்கிறது. கன்டென்ட்-டைப் என்ற வரியில் முதலில் பெரிய வகை, சாய்கோடு, பிறகு உள்வகை: டெக்ஸ்ட்/பிளெய்ன், இமேஜ்/ஜேபெக், ஆடியோ/எம்பெக் என்று வரும். உள்வகை தெரியாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தரமே சொல்லிவிடுகிறது. டெக்ஸ்ட் வகையில் தெரியாத உள்வகை, ஆனால் எழுத்துக்குறியீடு தெரியும் என்றால், வெறும் எழுத்தாகக் காட்டு. படமோ ஒலியோ வேறெதுவோ தெரியாத உள்வகையாக வந்தால், கோப்பாகச் சேமித்துக்கொள்ளும்படி கேள். தெரியாத மல்டிபார்ட் வந்தால், சாதாரணத் துண்டுகளின் தொகுப்பாக எடுத்துக்கொள்.

இன்னும் ஒன்று, மல்டிபார்ட்/ஆல்டர்நேட்டிவ். ஒரே செய்தியை எளிய வடிவம் முதலில், வளமான வடிவம் கடைசியில் என்று அடுக்கி அனுப்ப வேண்டும். பெறுபவரின் மென்பொருள் தனக்குப் புரிந்தவற்றில் கடைசியானதைக் காட்டும். இந்த வரிசையைத் தலைகீழாக வைத்து மடல் தயாரிக்கும் சில பில்லிங் மென்பொருள்கள் இன்றும் சந்தையில் உண்டு. அழகான அட்டவணை போட்டு அனுப்பியும் வாங்குபவருக்கு மொட்டை வரிகள்தான் தெரிகின்றன என்றால், முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

2019-இல் கூகுள் கொண்டுவந்த ஏஎம்பி மடல் இதே ஏணியில்தான் ஏறியது. மடலுக்குள்ளேயே படிவம் நிரப்பும் வசதி அதில் உண்டு. எளிய எழுத்துக்கும் எச்டிஎம்எல்லுக்கும் நடுவில் அதை மூன்றாவது துண்டாகச் செருகினார்கள். புரிந்த அஞ்சல் அதைக் காட்டும், புரியாதது வழக்கமான எச்டிஎம்எல்லைக் காட்டும். நடுவில் செருகியதற்கும் காரணம் உண்டு: புரியாவிட்டாலும் கடைசித் துண்டையே பிடித்துக்கொள்ளும் பழைய மென்பொருள்கள் இருக்கின்றன. 27 வருடம் கழித்து வந்த புதுச்சரக்கும் இடிபடாமல் உள்ளே நுழைந்தது. அதற்காக ஒரு மிளகு அலுவலகம் ஏஎம்பி மடல் எழுத வேண்டும் என்று சொல்ல மாட்டேன், எழுத வேண்டாம். ஹாம்பர்க்கில் இருப்பவர் அவுட்லுக் வைத்திருந்தால் அது அவருக்குத் தெரியப்போவதே இல்லை.

அதே மைமில் சறுக்கிய இடமும் உண்டு. ஒவ்வொரு மடலின் தலையிலும் மைம்-வெர்ஷன் 1.0 என்று ஒரு வரி வரும். 1.1 வந்தால் என்ன செய்வது என்று யாரும் தெளிவாகச் சொல்லி வைக்கவில்லை. அதனால் அந்த எண் இன்றுவரை மாறவில்லை, மாறவும் போவதில்லை. வளர்ச்சி முழுவதும் வகைப்பெயர்ப் பட்டியலின் வழியாகவே நடந்தது. ஐயானா என்ற அமைப்பு அதைப் பராமரிக்கிறது. ஒரு விற்பனையாளர் வந்து "எங்கள் வடிவம் விரிவாக்கத்தக்கது, அடுத்த பதிப்பில் எல்லாம் வருகிறது" என்றால், பதிப்பு எண்ணைக் கேட்காதீர்கள். புது வகையை யார் பதிவு செய்யலாம், எங்கே பதிவு செய்வது என்று கேளுங்கள்.

தமிழ் வரிகள்

போடியில் இருக்கும் கூட்டாளிக்குத் தமிழில் எழுதுகிறீர்கள். இங்கே கவனம் வேண்டும். 1990-களில் தமிழ் மடல் என்றால் எழுத்துருவும் கூடவே போக வேண்டியிருந்தது. டிஸ்கி என்ற எழுத்துக்குறியீடு ஒரு பக்கம், 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற டாப், டாம் இன்னொரு பக்கம். மடலின் தலையில் எழுத்துக்குறியீட்டின் பெயர் சரியாக இருக்காது. மேற்கு ஐரோப்பிய எழுத்து என்று பொய்ச்சீட்டு ஒட்டிப் போகும். அந்தக் காலத்து மடல்களை இன்று திறந்தால் குறி போட்ட லத்தீன் எழுத்துகள்தான் வரும். சரக்கு கெடவில்லை, சீட்டு பொய். அதனால் வாசிக்க முடியவில்லை.

இன்று யுடிஎஃப்-8 தவிர வேறு எதையும் தொட வேண்டாம். ஆனால் அதன் அளவு தெரிந்திருக்க வேண்டும். 'மிளகு' என்ற சொல்லில் ம, இகரக் குறி, ள, க, உகரக் குறி என ஐந்து குறிகள். குறிக்கு மூன்று பைட் வீதம் பதினைந்து பைட். ஏழு பிட்டில் போவதற்காக அதை பேஸ்64 முறையில் மாற்றினால் 20 எழுத்து ஆகும். கோட்டட்-பிரின்டபிள் முறையில் ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்தாகி, மொத்தம் 45 ஆகும். ஆங்கிலத்துக்குச் சிக்கனமான முறை தமிழுக்கு வீண்செலவு. உங்கள் மென்பொருளில் தேர்வு இருந்தால் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பேஸ்64 போடுங்கள்.

மடலின் பொருள் வரியில் இன்னொரு வம்பு. அங்கே மாற்றிய எழுத்துத் துண்டு ஒவ்வொன்றும் 75 எழுத்தைத் தாண்டக் கூடாது. யுடிஎஃப்-8 என்ற பெயருக்கும் குறிகளுக்கும் 12 போக, மிச்சத்தில் 15 தமிழ்க் குறிகள்தான் அடங்கும். நீளமான தமிழ்ப் பொருள் வரி இரண்டு மூன்று துண்டாக உடையும். ஓர் எழுத்தின் நடுவில் வெட்டக் கூடாது என்று தரம் சொல்கிறது; அலட்சியமாக எழுதிய மென்பொருள் வெட்டுகிறது. இடையில் எண்ணும் இடைவெளியும் வந்தால் கணக்கு தவறி, வெட்டு விழுந்த இடத்தில் கறுப்புக் கட்டமும் கேள்விக்குறியும் நிற்கும். பொருள் வரியைக் குறுக்கி, ஒப்பந்த எண்ணை முதலில் போட்டுவிட்டால் மீதி சிதைந்தாலும் வேலை நடக்கும்.

உள்ளே எதை எப்படி வைப்பது

மடலின் உடல் எளிய எழுத்தும் எச்டிஎம்எல்லும் சேர்ந்த இரட்டை வடிவில் இருக்கட்டும். விண்டோஸில் இயங்கும் பழைய அவுட்லுக், 2007 பதிப்பு முதல், மடலைக் காட்ட வேர்ட் மென்பொருளின் இயந்திரத்தைப் பயன்படுத்துகிறது. அதனால் இணையப் பக்கத்தில் பளபளக்கும் அலங்காரம் அங்கே சரிந்து விழும். சாதாரண அட்டவணை, ஒரு நிறம், ஓர் எழுத்துரு, போதும். ஜிமெயில் சுமார் 102 கேபிக்கு மேல் போகும் எச்டிஎம்எல்லை நடுவில் வெட்டி 'முழு மடலையும் பார்க்க' என்று காட்டும். விலை வரி அந்த வெட்டுக்குக் கீழே போய்விடக் கூடாது. நிறுவனச் சின்னத்தை மடலோடு சேர்த்து அனுப்புங்கள், வெளித் தளத்திலிருந்து இழுக்க விடாதீர்கள். வெளிப்படங்களைப் பல அலுவலகங்கள் அடைத்து வைத்திருக்கின்றன.

படத்துக்கு ஜேபெக். இதில் சர்ச்சையே வேண்டாம். 2017-இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து ஐபோன் படங்களை எச்இஐசி வடிவில் சேமிக்கிறது. இடம் பாதிதான் பிடிக்கும், தரமும் நல்லது. ஆனால் கேபிள் போட்டுக் கணினிக்கு இறக்கி அப்படியே இணைத்தால், பழைய விண்டோஸ் வைத்திருப்பவருக்கு வெறும் கோப்புப்பெயர்தான் தெரியும். கேமரா அமைப்பில் 'அதிக இணக்கம்' என்பதை ஒரு தடவை மாற்றி வைத்தால் தொல்லை தீர்ந்தது. மிளகைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஓர் அளவுகோல் வையுங்கள். தலச்சேரி எக்ஸ்ட்ரா போல்டு என்பது 4.25 மில்லிமீட்டர் சல்லடையிலும், ஸ்பெஷல் எக்ஸ்ட்ரா போல்டு 4.75-லும் தங்கும் சரக்கு. அளவுகோல் இல்லாத படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். படக்கோப்புக்குள் எடுத்த நேரமும் இடமும் பதிவாகியிருக்கும். தகராறு வந்தால் நேரம் உதவும். கிடங்கு இருக்கும் இடத்தை எல்லோருக்கும் தெரிவிக்க வேண்டாம் என்றால், இடப்பதிவை மட்டும் அணைத்துவிடுங்கள்.

குரலுக்கு எம்பி3 அல்லது எம்4ஏ. வாட்ஸ்அப் குரல் துணுக்கை அப்படியே இணைத்தால் அது ஓபஸ் வடிவம். எல்லாக் கணினியிலும் பாடாது. வீடியோவுக்கு எச்.264 முறையில் எம்பி4. புதிய முறைகள் சிறிய கோப்பைத் தரும் என்பது உண்மை. ஆனாலும் அரை நிமிடத் துண்டில் மிச்சமாவது சில எம்பிதான். அதற்காக வாங்குபவரின் பொறுமையைச் சோதிக்க வேண்டாம்.

ஆய்வறிக்கைக்கும் சான்றிதழுக்கும் பிடிஎஃப். அதிலும் 2005-இல் ஐஎஸ்ஓ 19005 ஆக வந்த பிடிஎஃப்/ஏ. எழுத்துருவை உள்ளேயே வைக்க வேண்டும், நிரல் இருக்கக் கூடாது, கடவுச்சொல் பூட்டு கூடாது, முதல் பதிப்பில் ஒலியும் வீடியோவும்கூடக் கூடாது என்று கட்டளை போடும் தரம் அது. விரிவாக்கம் வேண்டும் என்று தேடிப்போகும் நமக்கு இத்தனை 'கூடாது' எதற்கு என்று கேட்கலாம். ஒரு காலத்தில் பிடிஎஃப் விலைப்பட்டியலுக்குள் ஃபிளாஷ் வீடியோ பதிப்பது பெருமையாக இருந்தது. 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷ் ஆதரவு நின்றது. பட்டியலின் நடுவில் சாம்பல் நிறக் கட்டம் மிச்சம். எதையும் உள்ளே அள்ளிப் போடவிடும் வடிவம், உள்ளே போனது சாகும்போது கூடவே தானும் அரைகுறை ஆகிறது. வீடியோவை மடலில் தனித் துண்டாக வையுங்கள், அறிக்கையை அதன் பாட்டில் விடுங்கள்.

தமிழ் பிடிஎஃப் பற்றி ஒரு சொல். திரையில் அழகாகத் தெரியும் தமிழை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறி விழுவது சாதாரணம். கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்து வடிவங்கள் சேமிக்கப்படுவதால் வரும் வினை. தமிழில் முக்கியமான நிபந்தனை எதுவானாலும் அதை மடலின் உடலிலும் எழுதிவிடுங்கள்.

கணக்குத் தாளில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். எளிமையானது நல்லது என்ற நியாயத்தில் சிஎஸ்வி கோப்பாக அனுப்புவோர் உண்டு. ஈரப்பதம் 11.5 சதவீதம் என்று எழுதிய கட்டத்தை ஜெர்மன் அமைப்பில் உள்ள எக்செல் என்ன செய்யும் தெரியுமா? அங்கே தசமத்துக்குக் காற்புள்ளி. புள்ளி தேதிக்கு உரியது. 11.5 என்பது மே 11 ஆகிவிடும். மிளகின் ஈரப்பதம் மே மாதத்துக்குப் போன பிறகு ஒப்பந்தம் எப்படிப் பேசுவது? சிஎஸ்வியில் 'இது எண்' என்று சொல்ல இடமே இல்லை, அதனால் வரும் கோளாறு. எக்ஸ்எல்எஸ்எக்ஸ், ஓடிஎஸ் இரண்டும் ஒவ்வொரு கட்டத்தின் வகையையும் உள்ளே எழுதி வைக்கின்றன. இரண்டுமே எக்ஸ்எம்எல் கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய மூட்டைகள். ஓடிஎஃப் 2006-இல் ஐஎஸ்ஓ தரம் ஆனது. மைக்ரோசாஃப்டின் ஓஓஎக்ஸ்எம்எல் 2008-இல், இந்தியாவின் எதிர்ப்பு வாக்கையும் மீறித் தரம் ஆனது. கொள்கை அளவில் என் மனம் ஓடிஎஃப் பக்கம்; ஹாம்பர்க்குக்கு எக்ஸ்எல்எஸ்எக்ஸ் அனுப்புங்கள் என்றுதான் சொல்வேன். மேக்ரோ மட்டும் இருக்கக் கூடாது. மேக்ரோ வைத்த தாளைப் பல சேவையகங்கள் வாசலிலேயே நிறுத்திவிடும், நிறுத்துவது நியாயமும்கூட.

ஐந்து கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் ஜிஎஸ்டி மின்விலைச்சீட்டு கட்டாயம். ஏற்றுமதிச் சீட்டும் அதில் அடங்கும். ஆகவே உங்கள் கணக்கரிடம் ஏற்கெனவே கையொப்பமிட்ட ஜேசன் கோப்பு ஒன்று இருக்கிறது. அதை வெளிநாட்டுக்காரருக்கு அனுப்பிப் பயனில்லை. ஆனால் ஜெர்மனியில் புழங்கும் சுக்ஃபெர்ட் என்ற முறையைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. மனிதர் படிக்க பிடிஎஃப்/ஏ-3, அதன் வயிற்றில் கணினி படிக்க எக்ஸ்எம்எல். எக்ஸ்எம்எல் தெரியாதவருக்கு அது சாதாரண பிடிஎஃப். இந்த அத்தியாயத்தின் முதல் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் வைத்திருக்கும் வணிக ஆவணத்தை நான் பார்த்ததில்லை.

வின்மெயில் தொல்லை

"அண்ணே, நீங்க அனுப்புன மெயில்ல ரிப்போர்ட்டக் காணோம். என்னமோ வின்மெயில் டாட்-னு ஒண்ணு நிக்குது, திறக்க மாட்டேங்குது" என்று போடியிலிருந்து போன் வந்தால் பதற வேண்டாம். அவுட்லுக் தன் 'ரிச் டெக்ஸ்ட்' வடிவில் அனுப்பும்போது எழுத்தலங்காரத்தையும் இணைப்புகளையும் சேர்த்து டிஎன்இஎஃப் என்ற தனக்கே உரிய மூட்டையாகக் கட்டிவிடும். இன்னோர் அவுட்லுக் அதைப் பிரிக்கும், மற்றவர்களுக்கு வின்மெயில்.டேட் என்ற ஒற்றைக் கோப்பு நிற்கும். மைம் விதிப்படி அது தவறே இல்லை: தெரியாத வகை, சேமித்துக்கொள் என்று கேட்கிறது. சேமித்து என்ன செய்வது என்பதுதான் கேள்வி. அமைப்பில் போய் மடல் வடிவத்தை எச்டிஎம்எல் என்று மாற்றுங்கள். குறிப்பிட்ட ஒருவருக்கு மட்டும் இப்படிப் போகிறது என்றால், தொடர்புப் பட்டியலில் அவர் பெயரில் பழைய அமைப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். அவரை நீக்கி மறுபடி சேருங்கள்.

எடை

சீ-மீ-வீ-3, சேஃப் என்று கடலடிக் கேபிள்கள் கரையேறிய ஊர் கொச்சி. வேகம் இங்கே பிரச்சினை இல்லை. பெறுபவரின் சேவையகம் எவ்வளவு எடை ஏற்கும் என்பதுதான் பிரச்சினை. பேஸ்64 மூன்று பைட்டை நான்கு எழுத்தாக்கி, 76 எழுத்துக்கு ஒருமுறை வரி உடைக்கிறது. மொத்தத்தில் கோப்பு ஏறக்குறைய 37 சதவீதம் பெருகும். மடல் முழுவதற்கும் 25 எம்பி என்று வரம்பு வைத்த சேவையகத்தில் உங்கள் கோப்புகளுக்குக் கிடைப்பது 18 எம்பிதான். 20 எம்பி வீடியோ ஏன் திரும்பி வந்தது என்று இனிக் கேட்க வேண்டியதில்லை. அதற்கு மேல் போனால் இணைப்பு முகவரி அனுப்பலாம். ஆனால் முகவரியின் பின்னால் இருப்பது நாளைக்கு மாறலாம், காணாமலும் போகலாம். ஒப்பந்தத்துக்கு ஆதாரமாக வேண்டியது எதையும் முகவரியாக அனுப்பாதீர்கள்.

வைத்துக்கொள்வது

அனுப்பியதோடு முடிந்துவிடுவதில்லை. தரத் தகராறு என்றால் சரக்கு போய் மாதக்கணக்கு கழித்துத்தான் கிளம்பும். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 7-ஆம் பிரிவில், மின்பதிவை அது உருவான வடிவிலோ, அதைச் சரியாகக் காட்டும் வடிவிலோ வைத்திருக்க வேண்டும் என்கிறது. எங்கிருந்து, யாருக்கு, எந்தத் தேதியில், எந்நேரத்தில் போயிற்று என்ற விவரமும் கூடவே இருக்க வேண்டும். மடலை அச்செடுத்துக் கோப்பில் வைத்தால் தலைவரிகள் போய்விடும். பிடிஎஃப் ஆக மாற்றினாலும் பெரும்பாலும் அதே கதைதான்.

இஎம்எல் கோப்பாகச் சேமியுங்கள். அது வேறொன்றுமில்லை, மைம் மடல் கம்பியில் போன அதே எழுத்து வரிகள். இன்னும் பல வருடம் கழித்தும் எந்த எழுத்துத் தொகுப்பானிலும் திறக்கும். ஒப்பந்த எண்ணுக்கு ஒரு கோப்புறை, அதற்குள் தேதி முன்னால் வரும் பெயர். மொத்தமாக வைக்க எம்பாக்ஸ் வடிவம் உதவும். வாட்ஸ்அப்பில் போன படத்தை ஆதாரமாக நம்ப வேண்டாம். சாதாரணமாக அனுப்பும் படத்தை அது சுருக்கிவிடும், உள்ளே இருந்த நேரப்பதிவும் போய்விடும்.

2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவின் கீழ் மின்பதிவோடு ஒரு சான்று கொடுக்க வேண்டும். அந்தப் படிவத்தில் கோப்பின் ஹாஷ் மதிப்பைக் கேட்கிறார்கள். இஎம்எல் கோப்பைச் சேமித்த அன்றே ஷா-256 மதிப்பை எடுத்து ஒரு பட்டியலில் எழுதி வைத்தால், பின்னால் ஒரு எழுத்துகூட மாறவில்லை என்று காட்ட முடியும். வழக்கறிஞருக்கு அனுப்ப வேண்டி வந்தால் சாதாரண 'ஃபார்வேர்டு' செய்யாதீர்கள்; அது உங்கள் மடலுக்குள் பழைய மடலின் வாசகத்தையும் இணைப்புகளையும் ஒட்டும், முழுத் தலைவரிகள் போய்விடும். 'இணைப்பாக ஃபார்வேர்டு' என்ற தேர்வில் அனுப்புங்கள். அப்போது பழைய மடல் மெசேஜ்/ஆர்எஃப்சி822 என்ற வகைச்சீட்டோடு, தலைவரி, எல்லைக்கோடு, மிளகுப் படம், ஆய்வறிக்கை எல்லாவற்றோடும் முழுசாக உள்ளே உட்காரும்.